எஸ்.பி. முஹம்மது இக்பாலின் குடும்பத்தை யார் கேட்டார்கள்?

1991 மே 21 என்றதும் எல்லோருக்கும் ராஜீவ் காந்தியின் பெயர்தான் நினைவுக்கு வரும். அன்றிரவு ஸ்ரீபெரும்புதூரில் அவருடன் கொல்லப்பட்டவர்களில் காஞ்சிபுரம் காவல் கண்காணிப்பாளர் கே.எஸ். முஹம்மது இக்பாலும் ஒருவர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் அறிந்திருக்க மாட்டார்கள்.

மாகறல், உத்திரமேரூர் பக்கத்து இளைஞர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் கம்பெனி வேலை. ஷிஃப்ட் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய் வருகிறார்கள். நமது மாவட்டத்தின் காவல் பொறுப்பைச் சுமந்த ஒரு முஸ்லிம் அதிகாரி அங்கே கடமையில் இருந்தபோது உயிரிழந்தார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் மட்டுமல்ல. ஆய்வாளர்கள் ராஜகுரு, எட்வர்ட் ஜோசப், உதவி ஆய்வாளர் எத்திராஜு, பெண் காவலர் சந்திரா எனக் காவல் பணியில் இருந்த 9 பேர் அந்தக் குண்டுவெடிப்பில் மாண்டனர். 43 பேர் காயமடைந்தனர். 1999 மே 11 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த எண்ணிக்கையைப் பதிவு செய்துள்ளது. மகளிர் காங்கிரஸைச் சேர்ந்த சந்தானி பேகமும் அன்று உயிரிழந்தார்.

மன்னிக்கும் உரிமை யாருடையது?

இந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களின் விடுதலை பற்றி முப்பது ஆண்டுகள் பேசினோம். 2022 மே 18 அன்று பேரறிவாளனும், அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மீதமிருந்த ஆறு பேரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். நீண்ட சிறைவாசத்தையும் நன்னடத்தையையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் ஒரு வாதம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: "ராஜீவ் குடும்பமே மன்னித்துவிட்டது, பிறகென்ன?" நளினிக்காக சோனியா காந்தி கருணை கோரினார். 2008ல் பிரியங்கா வேலூர் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். உயர்ந்த செயல்கள்தாம். இருந்தாலும் அவர்கள் மன்னித்தது ராஜீவின் இரத்தத்தை. இக்பாலின் இரத்தத்தை மன்னிக்க அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நம் மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு அல்லாஹ் அதிகாரம் கொடுத்திருக்கிறான். அந்த வாரிசும் வரம்பு மீறக் கூடாது என்று எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 17:33). பழிக்குப் பழி, நஷ்டஈடு, மன்னிப்பு ஆகியவற்றில் மன்னிப்பின் வாசலைத் திறந்து வைக்கிறான் (2:178). வழிப்பறி, கலகம் போன்ற குற்றங்களில் ஃபுகஹாக்கள் வேறு விதமாகவும் சட்டம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய வாரிசு இன்னொருவருடைய இரத்தத்தை மன்னிக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. பிரதமராக இருந்தவரின் உயிரும் காவலரின் உயிரும் அந்தத் தராசில் ஒரே எடைதான்.

நம் நாட்டில் கிஸாஸ் சட்டம் நடைமுறையில் இல்லை. அதை இங்கே கோரவும் இல்லை. பாதிக்கப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற அதன் நியாயத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

பில்கீஸுக்குத் திறந்த கதவு

கேட்கப்படாத அந்தக் குடும்பங்களில் சில தாங்களாகவே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. எழுவரை விடுவிக்க 2014ல் மாநில அரசு எடுத்த முடிவை எதிர்த்து அவர்கள் தொடுத்த மனு 2019 மே மாதம் தள்ளுபடியானது. கொலையாளி தனுவைத் தடுக்க முயன்று, குண்டுவெடிப்பில் விரல்களை இழந்து உயிர் தப்பிய காவல் அதிகாரி அனுசுயா, 2022ல் தன் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார். தொலைக்காட்சிகள் ஓரிரு நாட்கள் காட்டின. பிறகு மறந்தன.

இதை பில்கீஸ் பானு வழக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று அவர் வழக்கின் 11 குற்றவாளிகளை குஜராத் அரசு விடுவித்தபோது நாம் துடித்தோம். "பாதிக்கப்பட்ட பெண்ணைக் கேட்டீர்களா?" என்று மேடைதோறும் முழங்கினோம். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்று அந்த விடுதலையை ரத்து செய்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

இரண்டு வழக்குகளின் சட்டப் பின்னணி வேறு வேறு. ஆனாலும் பில்கீஸுக்காக நாம் கேட்ட கேள்வியை இக்பால் குடும்பத்துக்காகவும், ராஜகுரு, சந்திரா குடும்பங்களுக்காகவும் கேட்டோமா?

நமக்கு எதிராகவும் நீதி

இன்னும் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். இக்பாலை "நம்மவர்" என்று நினைவுகூர்வது எளிது. கோவையில் 1997 நவம்பர் 29 அன்று குத்திக் கொல்லப்பட்ட போக்குவரத்துக் காவலர் செல்வராஜை நினைவுகூர்வது எளிதா? களியக்காவிளை சோதனைச் சாவடியில் 2020 ஜனவரி 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை? இந்த இரு வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள்.

செல்வராஜ் கொலையைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அந்த அநீதியை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதற்காக, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜின் இரத்தமும் வில்சனின் இரத்தமும் மலிவாகிவிடாது. உங்களுக்கே எதிராக இருந்தாலும் நீதியின் மீது நிலைத்து நில்லுங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:135).

நீண்டகால முஸ்லிம் சிறைவாசிகளின் முன்விடுதலையை நம் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கோருகின்றன. நீண்டகாலச் சிறைவாசிகளின் முன்விடுதலையைப் பரிசீலிக்க 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் அரசு குழுவும் அமைத்தது. தண்டனையில் மதம் பார்த்துப் பாகுபாடு காட்டாதே என்பது நியாயமான கோரிக்கை. அதைக் கேட்கும் நாம், உயிரிழந்தவர்களின் வீட்டுக் கதவையும் தட்டி ஆறுதல் சொல்லும்போதுதான் அந்தக் கோரிக்கைக்கு வலு சேரும். அவர்களைப் பார்க்காமல் கடந்து போனால், பில்கீஸ் விஷயத்தில் நாம் யாரைக் குறை சொன்னோமோ அவர்களுடைய வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

என்ன செய்யலாம்?

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. மே 21ஐ ஒட்டி வரும் ஜும்ஆவில், மாவட்டத்தின் ஜமாஅத்துகள் இக்பாலுக்காக துஆ செய்யலாம். மக்தப் மதரஸா பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லித் தரலாம். காவலர் வீரவணக்க நாளான அக்டோபர் 21 அன்று, கடமையில் உயிரிழந்த காவலரின் குடும்பம் நம் ஊர்ப் பக்கம் இருந்தால், எந்த மதத்தவராக இருந்தாலும், ஜமாஅத் நிர்வாகிகள் நான்கு பேர் சென்று நலம் விசாரித்து வரலாம். பேனரோ புகைப்படமோ வேண்டாம்.

முஹம்மது இக்பால் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அன்றிரவு உற்றாரை இழந்த எல்லாக் குடும்பங்களுக்கும் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.