பேட்டரியைப் பெரிதாக்குவதா, வோல்டேஜைக் குறைப்பதா?

ஒரு ராஸ்பெரி பை 4, ஒரு சின்னத் திரை, ஒரு பவர் பேங்க், ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா... வீட்டிலேயே கையடக்கக் கணினி தயார்! செய்து பார்த்தவர்கள் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: சார்ஜ் நிற்பதில்லை. உடனே செய்யும் வைத்தியம், இன்னும் பெரிய பவர் பேங்க். டப்பா கனத்து, கையடக்கம் என்ற பெயரே கேலியாகிவிடும்.

10,000 எம்.ஏ.எச் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 37 வாட்-மணிதான். அதை 5 வோல்ட்டாக ஏற்றும்போது அதிலும் கொஞ்சம் கழியும். வரவு இவ்வளவுதான் என்றால் செலவைப் பார்ப்பதுதானே முறை?

அடுத்த வைத்தியம், பிராசஸரின் வேகத்தைக் குறைப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிராசஸர் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம் வேகத்தைப் பொறுத்து நேராகவும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் மாறும். வேகத்தை மட்டும் பாதியாக்கினால் செலவு பாதியாகும், சரி. ஆனால் வேலை முடிய இரட்டிப்பு நேரம்! மொத்தத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தாலோ செலவு 81 சதவீதமாக இறங்கும்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பிராசஸர் மாறும் செலவு. திரை கடை வாடகை மாதிரி, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். பேச்சுக்கு, பிராசஸர் 4 வாட், திரையும் மற்றதும் 3 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வேலைக்கு 7 வாட்-மணி. வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் குறைத்தால் பிராசஸர் சுமார் 2.6 வாட்டுக்கு வந்துவிடும். ஆனால் வேலை 1.25 மணி நேரம் ஓடும். 5.6-ஐ 1.25-ஆல் பெருக்கிப் பாருங்கள்... மறுபடியும் அதே 7! பிராசஸரில் மிச்சம் பிடித்ததை வாடகை தின்றுவிட்டது. வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைத்திருந்தால் 6.24-இல் முடிந்திருக்கும்.

(டைப் அடிப்பது வேறு கதை. அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது விரல்கள். பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும் பிராசஸரை லினக்ஸே தானாக மெதுவாக்கிவிடும். அங்கே திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் லாபம்.)

பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. 2023-இல் வந்த பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜரைப் பரிந்துரைக்கிறார்கள். வெறும் டெக்ஸ்ட் எழுத அவ்வளவு எதற்கு? 2021-இல் வந்த ஸீரோ 2 டபிள்யூ போதும். ஆனால் அதில் 512 எம்.பி. ராம்தான், பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும்.

பை 4-இல் வோல்டேஜைக் குறைக்க கான்ஃபிக் ஃபைலில் ஓவர் வோல்டேஜ் என்ற வரிக்கு மைனஸ் எண் கொடுத்தால் போதும். ஒரு படி 0.025 வோல்ட். எவ்வளவு தாங்கும் என்பது சிப்புக்குச் சிப்பு மாறும், அதனால் அடுத்தவர் எண்ணைக் காப்பியடிக்கக் கூடாது. ஒவ்வொரு படியாக இறக்கி, நான்கு கோர்களையும் முழுசாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தொங்கினால் ஒன்றிரண்டு படி மேலே வந்துவிடுங்கள். பாதியில் தொங்கும்போது மெமரி கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப்போகலாம், ஆரம்பிக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.