கால் மணி நேர அவகாசம்

"ரேணிகுண்டா தாண்டிட்டோம் அண்ணி. காளஹஸ்தி போற வழிதானே, உங்களை ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு. சமையல்லாம் வேணாம், ஒரு வாய் காபி போதும்."

போன் வைத்தாயிற்று. ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேட்டுக்குக் காரில் கால் மணி நேரம். முன்னால் மணல் லாரி ஏதாவது ஊர்ந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கலாம். இந்த அவகாசத்தில் ஒரு வீடு தன் முகத்தை மாற்றிக்கொண்டாக வேண்டும்.

முதலில் நாற்காலி. துவைத்து மடிக்காமல் மூன்று நாளாய்க் குவிந்து கிடக்கும் துணி அப்படியே வாரி அணைக்கப்பட்டு உள் அறைக் கட்டிலுக்குப் போகிறது. பழைய பேப்பர், பிள்ளைகளின் நோட்டு, மருந்துச் சீட்டு, சார்ஜர் ஒயர் எல்லாம் டி.வி. ஸ்டாண்டின் இழுப்பறைக்குள் திணிக்கப்படுகின்றன. சிங்க்கில் கிடக்கும் பாத்திரங்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஏறிப் பின்கட்டுக்கு நகர்கின்றன. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் பினாயில். வாசலில் தண்ணீர் தெளித்து நாலு இழை முக்கு. (கோலத்துக்கு அங்கே அதுதான் பெயர். வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்களும் வாசலுக்கு வந்தால் முக்குதான் போடுகிறார்கள்.) பினாயில் வாசனையை மறைக்க ஊதுபத்தி. கடைசியாக நைட்டி போய்ப் புடவை. உள் அறைக் கதவு இழுத்துச் சாத்தப்படும்போது வாசலில் ஹாரன் கேட்கிறது.

இத்தனைக்கும் நடுவில் வீட்டுக்காரர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போய் நின்று காருக்கு வழி காட்டினார். பால் பாக்கெட் வாங்கி வந்ததும் அவர்தான்.

யோசித்தால் இதில் சுத்தம் செய்த வேலை கொஞ்சம்தான். மறைத்ததே அதிகம். தூசி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. நாடே இதைத்தானே செய்கிறது? 2017 நவம்பரில் சர்வதேச தொழில்முனைவோர் மாநாட்டுக்கு இவான்கா டிரம்ப் ஹைதராபாத் வந்தபோது நகரத் தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்கள் அகற்றப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் ஜி-20 தலைவர்கள் டெல்லிக்கு வந்தபோது குடிசைப் பகுதிகள் சிலவற்றின் முன்னால் பச்சைத் துணி கட்டப்பட்டது. கட்டிலறைக் கதவைச் சாத்துகிற அதே உத்திதான். ஒரு வித்தியாசம், துணிக்குப் பின்னால் இருப்பதற்காக எந்த அமைச்சரும் வெட்கப்பட்டுத் தலைகுனிந்ததாகச் செய்தி வரவில்லை. வீட்டில் அப்படி இல்லை. அங்கே தலைகுனிய ஓர் ஆள் தயாராக இருக்கிறார்.

அலங்கோலமான ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு, "அவன் வீட்டை எப்படிப் போட்டு வைத்திருக்கிறான் பார்" என்று எந்த உறவினராவது சொல்லிக் கேட்டதுண்டா? "அவள்" என்றுதான் அந்த வாக்கியம் ஆரம்பிக்கும். அவள் வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும், துணி மலையில் பாதி அவனுடைய லுங்கியும் பனியனுமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கால் மணி நேரப் பரபரப்புக்குப் பின்னால் இருப்பது விருந்தாளி மீதான பாசம் மட்டும் இல்லை. ஒரு பரீட்சை பயமும்தான்.

மத்திய புள்ளியியல் துறை 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஆண்களுக்கு 88. 2019 ஆய்வில் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. அதற்காக ஆண்கள் கை கொடுத்தார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். அவர்களும் ஒன்பது நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

தெலுங்கில் ஒரு பழமொழி உண்டு: இல்லு அலககானே பண்டக காது. வீட்டை மெழுகிவிட்டதாலேயே பண்டிகை வந்துவிடாது என்று அர்த்தம். தெலுங்கு எழுத்தாளர் பி. சத்தியவதி இந்தப் பழமொழியின் முன்பாதியை மட்டும் தலைப்பாக வைத்து ஒரு சிறுகதை எழுதினார். (தமிழ்நாட்டுத் திருநங்கை ஏ. ரேவதியின் சுயசரிதையைத் தெலுங்கில் தந்ததற்காக சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் இவர்.) கதையில் ஒரு குடும்பத்தலைவி. வீட்டை மெழுகித் துடைத்து அலங்கரிப்பதிலேயே வருஷங்கள் ஓடுகின்றன. ஒரு நாள் அவளுக்குத் தன் பெயர் ஞாபகம் வரவில்லை. கணவனுக்கு அவள் மனைவி, பிள்ளைகளுக்கு அம்மா, அக்கம்பக்கத்துக்கு இன்னார் வீட்டம்மா. யாரிடம் கேட்டாலும் பெயர் கிடைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போய்ப் பழைய சான்றிதழ்களைத் தேடப் புறப்படுகிறாள். கடைசியில் கூடப் படித்த தோழி ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டு, "சாரதா!" என்று கூப்பிடுகிறாள். திரும்பி வரும் சாரதாவுக்கு வீட்டில் காத்திருப்பது மெழுகாமல் கிடக்கும் தரை பற்றிய புகார்தான். பழமொழியின் பின்பாதியை அவள் அங்கே சொல்லிக் கொள்கிறாள்.

விருந்தாளி சொல்லாமல் வருவது புதிய சங்கதி அல்ல. அதிதி என்ற சொல்லுக்கே திதி பார்க்காமல் வருகிறவர் என்று விளக்கம் சொல்வார்கள். பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை. முன்பு காக்கை கரைந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று தெரியும். செல்போனைவிடக் காக்கை அதிக அவகாசம் கொடுத்தது. அதோடு திண்ணை இருந்தது. தெலுங்கில் அதற்கு அருகு என்று பெயர். வந்தவர் அங்கே உட்கார்ந்து, கால் கழுவி, தண்ணீர் குடித்து, ஊர்க் கதை பேசி முடிப்பதற்குள் உள்ளே அடுப்படி தயாராகிவிடும். வீட்டிலும் பாய், பானை, கொடியில் நாலு துணி என்று சாமான் கம்மி. இப்போது கதவைத் திறந்தால் நேரே கூடம், சோபா, ஐந்து பேருக்கு ஐம்பது பேரின் பொருட்கள். திண்ணையை இடித்துவிட்டு அதன் வேலையை ஒரு பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஏர்பேட்டுக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் வீடு இருந்தால் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. திருமலை தரிசனம் முடித்துக் காளஹஸ்தியில் ராகு-கேது பூஜைக்குப் போகிறவர்களின் கார் இந்தப் பக்கமாகத்தான் போகும். 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் ஐசரும் இந்த வட்டாரத்திலேயே வளாகம் கட்டிய பிறகு, பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

காபி குடித்துவிட்டுக் கார் கிளம்புகிறது. "வீட்டை எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க அண்ணி" என்று நாத்தனார் சொல்கிறாள். சாத்திய கதவை அவளும் பார்த்தாள்தான். அவள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு உண்டு.

"திரும்பும்போதும் வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று வீட்டுக்காரர் உபசாரம் செய்கிறார். வர மாட்டார்கள். காளஹஸ்தியில் பூஜை செய்தவர்கள் வேறு யார் வீட்டிலும் கால் வைக்காமல் நேரே சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நம்பிக்கை. அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் ஒருவேளை வந்துவிட்டால்? கட்டிலில் கிடக்கும் துணியை அவள் மடிக்க உட்காருகிறாள்.