சாம்பல் நிற உடுப்பு

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரியாவது படுத்திருக்கிறீர்களா? டாக்டர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரவு இரண்டு மணிக்கு வலி பொறுக்காமல் முனகும்போது பக்கத்தில் வந்து நிற்பவள் நர்ஸ்தான். அவள் வராவிட்டால் என்ன கதி?

1943-ல் அமெரிக்காவுக்கு அந்தப் பயம் வந்துவிட்டது. தேர்ந்த நர்ஸுகளை ராணுவம் அழைத்துக்கொண்டது. இளம் பெண்களையோ யுத்தத் தொழிற்சாலைகள் நல்ல கூலி கொடுத்து இழுத்தன. நர்ஸ் படிப்பு என்றால் மூன்று வருஷம் வார்டில் மாடாய் உழைக்க வேண்டும். பல பள்ளிகளில் அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். யார் வருவார்கள், சொல்லுங்கள்!

அப்போது முன்வந்தவர் பிரான்ஸெஸ் போல்ட்டன் அம்மையார். பெரிய பணக்காரக் குடும்பம். ஆனால் இளம் வயதிலேயே கிளீவ்லாந்து நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நர்ஸுகளுடன் போய், அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். கணவர் காலமானபின் அவருடைய இடத்துக்கு 1940-ல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். (நம் ஊர்க் காங்கிரஸ் அல்ல, அங்கே சட்டசபைக்கே அந்தப் பெயர்!) அவர் கொண்டுவந்த மசோதாவில் 1943 ஜூன் 15 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

பதினேழு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை, உயர்நிலைப் பள்ளி முடித்த ஆரோக்கியமான பெண் யாரும் சேரலாம். படிப்பு, புத்தகம், உடுப்பு எல்லாம் சர்க்கார் செலவு. கைச்செலவுக்கு முதல் ஒன்பது மாதம் மாதம் 15 டாலர், பிறகு 20 டாலர். 36 மாதப் படிப்பை 30 மாதமாகச் சுருக்கி, மீதி ஆறு மாதத்தை ஆஸ்பத்திரியில் முழு நேர வேலையாக்கினார்கள். அதற்குப் பதிலாக அவள் கொடுக்க வேண்டியது ஒரு வாக்குறுதி: யுத்தம் முடியும் வரை நர்ஸ் வேலையை விட்டுப் போகமாட்டேன்!

வெளியே போட்டுக்கொள்ளச் சாம்பல் நிற உடுப்பு, தோளில் சிவப்புப் பட்டை, தலையில் குல்லாய். அந்த உடுப்புக்காகவே சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். பதினேழு வயதில் அது ஒரு குற்றமா, என்ன?

இன பேதம், நிற பேதம் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். சுமார் 3,000 கறுப்பினப் பெண்கள் சேர்ந்தார்கள். சர்க்காரே முகாம்களில் அடைத்து வைத்திருந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களின் பெண்களும் வந்தார்கள். சட்டம் வழி விட்டாலும் கதவைத் திறக்காத பள்ளிகள் அநேகம் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் ராணுவத்துக்கு நர்ஸுகள் போதவில்லை. நர்ஸுகளைக் கட்டாயமாகச் சேர்க்க அதிகாரம் வேண்டும் என்று 1945 ஜனவரியில் ரூஸ்வெல்ட் கேட்டார். பிரதிநிதிகள் சபை அதை ஏற்றும் விட்டது. அதற்குள் ஜெர்மனி சரணடைய, பேச்சு அடங்கியது. ஆனால் உள்நாட்டு ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடாமல் காப்பாற்றியவர்கள் இந்தச் சாம்பல் உடுப்புப் பெண்கள்தான். ஏறக்குறைய 1,79,000 பேர் சேர்ந்து, 1948-க்குள் சுமார் 1,24,000 பேர் தேறினார்கள்.

யுத்தம் முடிந்தது. ராணுவத்தில் குமாஸ்தா வேலை பார்த்த பெண்ணுக்குக்கூட யுத்த சேவைக்கான சலுகைகள் கிடைத்தன. இவர்களுக்கு இல்லை! உடுப்பு உண்டு, சபதம் உண்டு, ஆனால் ராணுவக் கணக்கில் பெயர் இல்லையாம்.

2019-ல் இவர்களுக்காக ஒரு மசோதா அமெரிக்கக் காங்கிரஸுக்கு வந்தது. கடைசியாகச் சேர்ந்த சிறுமிகளுக்கே அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பென்ஷன் கேட்கவில்லை, வைத்தியச் செலவு கேட்கவில்லை. ஒரு பதக்கம், கௌரவப் பட்டம், கல்லறையில் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தக் காங்கிரஸ் கலையும் வரை அது நிறைவேறவில்லை.