போர்டில் யார் பேர்?

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணியிருந்தான். பி.ஆர்க் முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவும் செய்து, திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் மூன்று வருஷம் வேலையும் பார்த்தாகிவிட்டது. இப்போது நெய்யாற்றின்கரையில் சொந்தமாக ஆபீஸ் போடப்போகிறானாம்.

"மாமா, நாங்க மூணு பேரு. நான், கூடப் படிச்ச ஒருத்தன், பிறகு சிவில் முடிச்ச ஒருத்தன். நீங்க ஒரு பத்து லட்சம் போட்டா உங்களயும் சேத்துக்கிடுவோம். பிரைவேட் லிமிடெட்டா போட்டா ஒரு கெத்து இருக்கும். நாளைக்கு எவனாவது கேஸ் போட்டாலும் நம்ம வீட்டத் தொட முடியாது பாருங்க."

கடைசி வரிதான் என்னை உறுத்தியது. ஏனென்றால் அந்த 'எவனாவது' ஒரு காலத்தில் நான்தான்!

பொழியூரில் நாங்கள் வீடு கட்டியபோது நான் இங்கே சிங்கப்பூரில். போனிலேயே பேசி, பணம் அனுப்பி, கட்டி முடித்த வீடு. பிளான் போட்டவரின் ஆபீஸ் வாசலில் 'ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று பெரிதாக போர்டு இருந்தது. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் மாடிச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். லீவில் போய் அந்த ஆபீசைத் தேடினால் போர்டில் வேறு பெயர். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பிளானில் இருந்த முத்திரையோ நான் பார்த்தே இராத மூன்றாவது ஆளுடையது. கவுன்சிலின் பதிவேட்டில் தேடினால் போர்டுக்காரர் பெயரே இல்லை. "விடுடே, கடக்காத்து அடிச்சா அப்படித்தான்" என்று ஊரில் சமாதானம் சொன்னார்கள். கடனை அடைத்தது நான், கடல்காற்று இல்லை.

வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எந்த நிறுவனத்தின் காகிதம் வந்தாலும் முதலில் தேடுவது லாபத்தை இல்லை, கையெழுத்தை. தப்பு நடந்தால் யார் பதில் சொல்வார்? நிறுவனம் என்பதே அந்தக் கேள்விக்கு எழுதிவைக்கும் பதில்தான் என்பது என் கட்சி. ஆர்க்கிடெக்ட் ஆபீசுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். வாங்குகிறவனுக்குச் சரக்கை எடைபோட்டுப் பார்க்கத் தெரியாது, நம்பித்தான் வாங்குகிறான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1972-ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் தனி மனிதரைத்தான் பதிவு செய்கிறது. 37-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோ, ஆர்க்கிடெக்ட்களின் கூட்டு நிறுவனமோ மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பங்குதாரர்கள் எல்லாருமே பதிவு பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பதுதான் கவுன்சிலின் நிலை. ஆக, பத்து லட்சம் போட்ட பி.காம். மாமாவுக்கும் இடமில்லை, சிவில் நண்பனுக்கும் இடமில்லை. மீறினால்? முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு எழுதி வைத்தார்கள். இரண்டு மூட்டை சிமெண்ட் விலைகூடத் தேறாது இன்றைக்கு.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. அந்தப் பிரிவு காப்பது பட்டத்தை மட்டும்தான், தொழிலை இல்லை. பதிவு இல்லாதவரும் வடிவமைப்பு வேலை செய்யலாம், ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவே. அதாவது சட்டம் காவல் நிற்பது போர்டுக்கு. போர்டை நம்பி உள்ளே போனவனுக்கு யார் காவல்?

இங்கே கதை வேறு. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில், ஓவன் ரோடு முனையில், ஹோட்டல் நியூ வேர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் இருந்தது ஒரு வங்கிக் கிளை. நம்மாட்கள் ஞாயிறுதோறும் நடக்கிற சாலைதான். கட்டடம் தன் சொந்த எடையையும் சுமக்கவேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலே கட்டியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கவேண்டிய கணக்கு, ஆர்க்கிடெக்ட்டின் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, 1989-ல், ஒருவர் போட்ட கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொருவர் சரிபார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது.

ஆர்க்கிடெக்ட் நிறுவனங்களுக்கும் இங்கே தனிச் சட்டம் உண்டு. கம்பெனியாக நடத்தலாம், தடையில்லை. ஆனால் ஆர்க்கிடெக்ட்கள் வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்தத் தொழில் பதிவு பெற்ற ஓர் ஆர்க்கிடெக்ட் இயக்குநரின் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். லிமிடெட் கம்பெனி என்றால் தொழில் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். பொறுப்புக்கு வரம்பு கேட்கிறாயா, சரி, இன்சூரன்சைக் காட்டு என்கிறார்கள். நியாயமான பேரம்!

மருமகன் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளி செய்த தப்புக்கும் நம் சொத்து பதில் சொல்லவேண்டும். இருபத்தேழு வயசுப் பையனுக்கு அது பெரிய பாரம். அதற்கு மருந்து இன்சூரன்ஸ், ஒளிந்துகொள்வது இல்லை. எல்.எல்.பி. ஆகவே போட்டாலும் தன் தப்புக்குத் தானே பொறுப்பு என்பதிலிருந்து தப்ப முடியாது. இந்தியாவிலும் நிறுவனத்துக்கு உரிமம், அதோடு கட்டாயக் காப்பீடு என்று சட்டத்தைத் திருத்தவேண்டும். பாதிக்கப்பட்டவனுக்கு 500 ரூபாய் அபராதத்தால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

அவனிடம் இப்படிச் சொன்னேன்: "நீயும் கூடப் படிச்சவனும் மட்டும் பார்ட்னர். பத்திரம் எழுதி, ரிஜிஸ்டரும் பண்ணிக்கோ. ரிஜிஸ்டர் பண்ணாத கூட்டு நிறுவனம் பாக்கி பீஸ் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. சிவில் படிச்சவன்கூட வேலைக்கு வேலை ஒப்பந்தம் போட்டுக்கோ. முதல் வருஷமே இன்சூரன்ஸ் எடு. பத்து லட்சம் நான் கடனா தாரேன், பங்கு வேண்டாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான், "அப்போ போர்டுல எங்க ரெண்டு பேரு பேரு மட்டுமா மாமா?"

"ஆமா. பதிவு நம்பரோட."

(அந்த நம்பர் 'சி.ஏ.' என்றுதான் ஆரம்பிக்கும். எங்களைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்குப் பழைய காயம் கிளறும் :))

ஊரில் வீடு கட்ட இங்கிருந்து பணம் அனுப்புகிற மக்களே, முதல் தவணைக்கு முன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். பிளானில் கையெழுத்துப் போடப்போவது யார்? அவர் பதிவு நம்பர் என்ன? தப்பு வந்தால் யார் தருவார் என்பது காகிதத்தில் இருக்கிறதா? கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வீட்டைக் கொடுக்காதீர்கள். நான் கேட்கவில்லை. பொழியூர் வீட்டு மாடிச் சுவரில் அந்த விரிசல் இன்னும் இருக்கிறது, பூசப்பூச வருகிறது.