குழந்தையிடம் கேட்டீர்களா?



பீகாரிலிருந்து புனே நோக்கி வந்த தானாபூர் எக்ஸ்பிரஸில் 2023 மே 30 அன்று 59 சிறுவர்கள் இருந்தார்கள். மகாராஷ்டிர மதரஸாக்களில் ஓதுவதற்காகப் புறப்பட்ட பிள்ளைகள். புசாவல், மன்மாட் ஸ்டேஷன்களில் ரயில்வே போலீசார் அத்தனை பேரையும் கீழே இறக்கினார்கள். உடன் வந்த ஐந்து பேர் மீது குழந்தைக் கடத்தல் வழக்கு! அவர்கள் சிறைக்குப் போனார்கள். பிள்ளைகள் காப்பகத்திற்குப் போனார்கள். கடத்தல் கும்பல் பிடிபட்டதாக நாடெங்கும் செய்தி பறந்தது. 2024ல் போலீசாரே அந்த வழக்கை மூடிவிட்டார்கள். கடத்தல் நடக்கவில்லையாம், தவறாகப் புரிந்துகொண்டார்களாம்! பிடித்த செய்தி வந்த வேகத்தில் மூடிய செய்தி வந்ததா?

இது முதல் தடவையும் அல்ல. 2014 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு ரயில் நிலையத்தில் ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோழிக்கோடு, மலப்புரம் மாவட்ட யத்தீம்கானாக்களுக்கு வந்தவர்கள் அவர்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வழியாக சி.பி.ஐ. வரை போயிற்று. கடைசியில் சி.பி.ஐ.யும் கடத்தல் அல்ல என்றுதான் சொன்னது.

நம் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு நின்றுவிட்டால் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம்.

மறு பாதி ஜெய்ப்பூரில் இருக்கிறது. அங்கே அரக்கு வளையல் பட்டறைகள் உண்டு. அவற்றிலிருந்து ஆண்டுதோறும் மீட்கப்படுகிற சிறுவர்களில் பெரும்பாலோர் பீகார்ப் பிள்ளைகள். தகப்பன் கையில் சில ஆயிரம் முன்பணம். பிள்ளைக்கு விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை அடுப்பின் முன்னால் வேலை. காற்று நுழையாத அறை. அங்கேயே தூக்கம். அடி உதை. சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்தப் பட்டறைகள் பலவற்றில் முதலாளியும் நம்மவர், வேலை செய்கிற பிள்ளையும் நம்மவர். சென்னையிலேயே 2022 நவம்பரில் ஒரு மதரஸாவிலிருந்து பீகார்ச் சிறுவர்கள் 12 பேர் அடிபட்ட காயங்களோடு மீட்கப்பட்டார்களே! அதையும் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியுமா?

ஓதப் போகிற பிள்ளையும் பட்டறைக்குப் போகிற பிள்ளையும் ஒரே ரயிலில் வருகிறார்கள். ஒரே மாவட்டம், ஒரே வறுமை, தலையில் ஒரே தொப்பி. யார் எங்கே போகிறார் என்று போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? தொப்பியைப் பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து கேட்டால் தெரியும்.

அப்படிக் கேட்பதற்கென்றே சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். (பயண நேரம் கணக்கில் வராது.) ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்டது அந்தக் குழு. அதன் உத்தரவுப்படி ஒரு சமூகப் பணியாளர் 15 நாட்களுக்குள் சமூக விசாரணையை முடித்து அறிக்கை தர வேண்டும். வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, பள்ளியை விட்டது ஏன், யார் அழைத்து வந்தார், சம்பளம் யார் கைக்குப் போனது, அடித்தார்களா, அதைவிடக் கேவலமாக நடந்துகொண்டார்களா என்று எல்லாவற்றையும் அது விசாரிக்க வேண்டும். அதன்மேல்தான் அந்தக் குழந்தைக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்படுகிறது. படிப்பு, உடல்நலம் மட்டுமல்ல, குழந்தையின் மத நம்பிக்கைக்கும் அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது. ஆக, இந்த விசாரணையைக் கண்டு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

விசாரணை ஒழுங்காக நடந்தால் ஓத வந்த பிள்ளை சில நாட்களில் விடுபடுவான், உடன் வந்தவர் சிறைக்குப் போக வேண்டியதில்லை. பட்டறைப் பிள்ளைக்கோ இந்த விசாரணைதான் வாழ்வு.

எப்படியென்று பாருங்கள். கொத்தடிமை மறுவாழ்வுக்கென 2016ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் சிறுவர்களுக்கு 2 லட்ச ரூபாய் வரை உதவி உண்டு. அது கிடைக்க வேண்டுமென்றால் கொத்தடிமையாக இருந்தான் என்பதற்கு விடுதலைச் சான்றிதழ் வேண்டும். 'உன் அப்பாவுக்கு முன்பணம் கொடுத்தார்களா?' என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விட்டால், ஏட்டில் அவன் வெறும் குழந்தைத் தொழிலாளி! சான்றிதழும் இல்லை, பணமும் இல்லை. அதே போல, வீட்டுக்கே அனுப்பிப் படிக்க வைக்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72 ஆயிரத்திற்குள் உள்ள குடும்பம் கேட்கலாம். வருமானத்தை யார் விசாரித்து எழுதுவது? அந்தச் சமூகப் பணியாளர்தான்.

நடப்பது என்ன? மீட்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், ரயிலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் அதே கடன், அதே பசி. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கிறான். சில மாதங்களில் அந்தப் பிள்ளை மறுபடியும் அதே ஏஜெண்டின் கையில், வேறொரு பட்டறையில்! இதற்குப் பெயர் மீட்பா?

அரசை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்குவது நமக்கு அழகல்ல. வெளிமாநிலப் பிள்ளைகளை அழைத்து வரும் மதரஸா நிர்வாகிகள், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், பிள்ளைகளின் ஆதார் நகல், பெற்றோரின் தொலைபேசி எண், சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றை உடன் வருபவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆறேழு வயதுக் குழந்தையை ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவரத்தான் வேண்டுமா என்பதையும் உலமாக்கள் யோசிக்கட்டும். அந்தக் குழந்தையின் ஊரிலேயே ஒரு மக்தபுக்கு உதவினால் ஆகாதா?

ஸகாத் பெறத் தகுதியுள்ளோரில் கடன்பட்டவர்கள் உண்டு, அடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்களும் உண்டு. பிள்ளையை அடகு வைத்த தகப்பனின் கடன் இதில் எதில் சேராது? ரமளானில் புடவையும் வேட்டியும் வழங்கும் ஜமாஅத்துகள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். பட்டறை வைத்திருப்பவரிடம் நன்கொடை வாங்குமுன், அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்கிற துணிவு முத்தவல்லிகளுக்கு வரட்டும்.

இன்னொன்று. மருத்துவம், இன்ஜினியரிங் என்று ஓடும் நம் பிள்ளைகளில் சமூகப் பணி படிப்பவர் எத்தனை பேர்? குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக, சட்டம், சமூகப் பணி, குழந்தை உளவியல் போன்ற பட்டத்தோடு குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், நலப்பணிகளில் ஏழு ஆண்டு அனுபவம் உள்ளவர் மனுச் செய்யலாம். அத்தகைய பட்டம் பெற்றுத் தொழில் செய்பவரும் மனுச் செய்யலாம். பள்ளிக்கூடம் நடத்துகிறோம், தகுதியுள்ளவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள்தான். உங்கள் மாவட்டத்தில் அடுத்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள்.