பூட்டியின் பெயரைத் தொலைத்தது யார்?

கொழும்பில் எந்தப் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும், எந்த நூல் வெளியீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் தப்பாமல் வந்துவிடுகிறது: “வெள்ளைக்காரனுக்குச் சரித்திர உணர்வு இருக்கிறது. பத்துத் தலைமுறையை எழுதி வைத்திருக்கிறான். எங்களுக்குப் பூட்டியின் பெயர்கூடத் தெரியாது.” அண்மையில் ஜிந்துப்பிட்டியில் நடந்த ஒரு கூட்டத்திலும் அதையே கேட்டேன். இந்த முறை உதாரணத்துக்கு வந்தவர், உடுவில் மகளிர் பாடசாலையைத் தொடக்கிய அமெரிக்கப் பெண்மணி ஹரியட் வின்ஸ்லோ. அவரின் வம்சாவளியைப் பேச்சாளர் மேடையிலேயே ஒப்புவிக்க, சபை கைதட்டியது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

விபரங்கள் சரிதான். ஹரியட் லாத்ரொப் 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நோர்விச்சில் பிறந்தவர். அவரின் முன்னோர் ஜோன் லாத்ரொப் பாதிரியார் 1634இல் இங்கிலாந்திலிருந்து மசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தார். ஹரியட் 1819இல் மைரன் வின்ஸ்லோவை மணந்து கப்பலேறினார். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார், 1833இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார். தாயின் பெயரையே கொண்ட மகள் டலஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த மகளின் பேரன்மார்தான் அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸும், சி.ஐ.ஏ. பணிப்பாளராக இருந்த அலன் டலஸும்.

இதை எழுதி வைத்தது அந்தக் குடும்பத்தின் சரித்திர உணர்வு என்று யார் சொன்னது? பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றையும் பதிய வேண்டும் என்று மசசூசெட்ஸில் 1639லேயே உத்தரவு வந்துவிட்டது. எழுதுவது அரசாங்கத்தின் வேலை. அப்படிச் சேர்ந்த ஏடுகள் இருந்தபடியால்தான் ஹன்டிங்டன் என்பவர் லாத்ரொப் குடும்பத்துக்கென்றே எழுதிய ஒரு புத்தகம் 1884இல் வெளிவர முடிந்தது. அதே அமெரிக்கா 1850, 1860 குடிசன மதிப்பில் அடிமைகளுக்கு வேறு அட்டவணை வைத்தது. அதில் எசமானின் பெயர் இருக்கும். அடிமையின் வயதும் பாலும் நிறமும் இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பெயர் இருக்காது. அப்படிப் பெயரில்லாமல் பதியப்பட்ட ஒரு கறுப்புப் பெண்ணின் வழிவந்தவள் இன்று தேடினால் வயதைக் குறித்த ஒரு வரியில் முட்டி நிற்பாள். அவளுக்கும் சரித்திர உணர்வு இல்லை என்பார்களா?

வாய்வழி வந்த பெயர்களை நம்பக்கூடாது என்பது இன்னொரு வாதம். எழுதிய பெயர்களை மட்டும் நம்பலாமா? அமெரிக்க மிசன் பாடசாலைகளில் பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று படித்துப் பேரெடுத்த ஆண்கள் தமிழ்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். பேரெடுக்காத பிள்ளைகள்? ஏட்டில் அந்நியப் பெயர், வீட்டில் வேறு பெயர். இரண்டையும் முடிச்சுப் போட இன்று ஆளில்லை. ஹரியட்டின் கொடி அறாமல் நின்ற அதே முற்றத்தில்தான் இது நடந்தது.

எங்களிடம் பதிவே இல்லை என்பதும் பொய். என் அம்மாவின் சீதன உறுதி என்னிடம் இருக்கிறது. ஓரம் உதிர்ந்த நீளத் தாள், நொத்தாரிசின் கையெழுத்து, இத்தனை பரப்பு இத்தனை குளி என்ற கணக்கு. காணி யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் அம்மம்மாவின் பெயர் வருகிறது, அவருக்குச் சீதனம் கொடுத்த தாயின் பெயர் வருகிறது. எல்லை சொல்லும்போது கிழக்கே பக்கத்துக் காணிக்காரியின் பெயரும் வருகிறது. யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்தபோதே தாயின் சீதனம் பெண்மக்களுக்கு என்பது அதில் இருந்தது. அதனால் காணியோடு பெண்களின் பெயரும் கைமாறி வந்திருக்கிறது. பழைய காணிப் பதிவேடுகளான தோம்புகளோ கொழும்பிலேயே தேசிய சுவடிகள் காப்பகத்தில் கிடக்கின்றன. மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டு எடுத்துப் பார்த்தார்கள்?

காணியும் உறுதியும் இல்லாதவர்களின் கதைதான் என்னை மிகவும் கொதிக்க வைப்பது. ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தலைமுறையாக இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் வேர், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வேரைப் போலவே, இந்தியாவில். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவுச் சட்டமே 1867இல் வந்த நாட்டில், அதற்கு முன் பிறந்த கூலியாளின் பிறப்புக்கு எங்கே போய் அத்தாட்சி எடுப்பது? தாய், பாட்டி, பூட்டி மூவரும் இங்கேயே பிறந்திருந்தாலும் அந்தச் சட்டத்துக்கு அது கணக்கில்லை. பெண்வழி முழுவதையும் ஒரே வெட்டில் வெட்டிப் போட்டது நாடாளுமன்றம். அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று வந்த சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

தங்கள் பரம்பரையைத் தாளில் காட்ட இந்த மக்கள் பட்ட பாட்டை எந்த லாத்ரொப்பும் பட்டதில்லை. கச்சேரிக்கும் தோட்டக் கந்தோருக்கும் நடந்து, கடிதம் எழுதத் தெரிந்தவரைப் பிடித்து, இந்தியாவிலுள்ள ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லி எழுதுவித்தார்கள். பூட்டியின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்தப் பாரங்களில் அவளுக்கு இடம் இருக்கவில்லை.