சம்பளம் வாங்காத குரல்

ரேடியோவில் இசைத்தட்டுப் போடுகிறவருக்குச் சம்பளம் ஏராளம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், போர்ட்லாந்து நகரத்து 'கேபூ' நிலையத்தைப் பாருங்கள். 1968-ல் தொடங்கிய அந்த ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். காலணா கிடையாது! பெரிய கம்பெனிகள் சீண்டாத உள்ளூர்ப் பாடகரை ஊருக்கு அறிமுகப்படுத்துவதில் அவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம். சைக்கிளுக்குப் பெயர்போன ஊராயிற்றே! சைக்கிள்காரர்களுக்கென்றே தனி நிகழ்ச்சியும் நடத்தியிருக்கிறார்கள்.

செலவுக்குப் பணம்? கேட்கிற நேயர்கள் அனுப்பும் நன்கொடைதான் முக்கிய வரும்படி. அவர்கள் கையை மூடிக்கொண்டால் பாட்டும் நின்றுவிடும்.

அடுத்த வீட்டுப் பெண் பாட உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்துகிறோமே, நாம்? பாடுகிறவருக்குக் காது கொடுப்பதும் ஒரு தொண்டுதான்!